ஓடாத கசெற்றுகள்

பழைய வீடியோ டெக்கையும் பெட்டி ரீவியையும் இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று தென்மராட்சியில் யாரையாவது கேட்டால், புதிசு வாங்கக் காசில்லை என்ற பதில் அநேகமாக வராது. அம்மாவின் கலியாணவீடு அந்தக் கசெற்றில்தான் கிடக்கிறது என்பார்கள். அப்பாவின் செத்தவீடு, அண்ணன் வெளிநாடு போவதற்கு முதல் நடந்த தங்கச்சியின் சாமத்தியவீடு, 2000ஆம் ஆண்டு தரைமட்டமான வீட்டின் முன்விறாந்தை எல்லாம் அதற்குள் என்பார்கள். ஆனால் டெக் ஓடாது. ஓடினாலும் புதிய ரீவியில் படம் நிற்காது. பழைய ரீவியில் படம் நின்றாலும், வெளிநாட்டிலிருந்து வந்த கசெற்றாக இருந்தால் நிறமில்லாமல் தெரியும் அல்லது மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும்.

பழைய பொழுதுபோக்குச் சாதனங்களோடு மல்லுக்கட்டுவது உலகம் முழுக்க உள்ள தொல்லைதான். மற்ற ஊர்களில் அது பெரும்பாலும் வீட்டுக்காரரின் விருப்பத்தையும் சிக்கனத்தையும் பொறுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதிலும் தென்மராட்சியின் சாவகச்சேரியில், அது போரோடு பின்னிக் கிடக்கிறது. இங்கே ஒவ்வொரு சாதனமும் பிந்தி வந்தது. வந்தது கைக்குப் பழக முதல் மின்சாரம் போனது, அல்லது பற்றரி தடைப்பட்டது, அல்லது வீடே போனது. அடுத்த சாதனம் வந்தபோது, முந்தியதில் இருந்ததை இதற்கு மாற்றிக்கொள்ள ஒருவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. இன்று அலுமாரிகளில் தூங்குகிற கசெற்றுகளைப் பற்றிப் பேசுவதென்றால் அந்த வரலாற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சியோடு ஆரம்பித்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. வடபகுதிக்கு அதை எட்டச் செய்தது கொக்காவில் ஒளிபரப்பு நிலையம். ஆனால் குடாநாட்டுச் சனத்தின் மனம் தமிழ் நிகழ்ச்சி பக்கம்தான் இருந்தது. நீட்டுக்கு நீட்டு இரும்புக் குழாயைப் பொருத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் அன்ரெனாவையும் கீழே பூஸ்ரரையும் மாட்டினால் கடல் தாண்டித் தூரதர்சன் வரும். கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கிய பிறகு இன்னும் தெளிவாக வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம் என்று வாரமே அதைச் சுற்றி ஓடியது. சோளகக் காற்று அன்ரெனாவைத் திருப்பிவிட்டால் ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைச் சுற்றுவார், உள்ளே இருப்பவர் “வருது, வருது, போச்சு” என்று கத்துவார். எண்பதுகளில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும்.

அதே ஆண்டுகளில் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் டெக் கொண்டுவந்தார்கள். கலியாணவீட்டுக்கு வீடியோக்காரரைப் பிடிக்கும் வழக்கம் தொடங்கியது அப்போதுதான். அந்தக் காலத்து ஒளிப்பதிவுகளின் பெறுமதி எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வழியில் கமெரா ஊரையும் பிடித்தது. சாவகச்சேரி புகையிரத நிலையம், சந்தைக் கட்டடம், கண்டி வீதியின் இரு பக்கக் கடைகள், ஓட்டு வீடுகளின் தலைவாசல்கள் எல்லாம் பின்னணியில் வந்து போயின. 1990இல் யாழ்தேவி புகையிரதம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி புகையிரதம் வந்தபோது நிலையங்கள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. பழைய நிலையத்தின் அசைகிற படம் எங்கேயாவது இருக்குமென்றால், அது யாரோ ஒருவரின் கலியாணக் கசெற்றில்தான் இருக்கவேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது. அங்கிருந்த ஒளிபரப்பு நிலையமும் அத்தோடு போயிற்று. அதே இடத்தில் 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் திறக்கப்பட்டது 2011இல். தென்னிலங்கையிலிருந்து வந்த மின்சாரமும் 1990இலேயே நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, பசளையோடு ரோச் பற்றரியும் இருந்தது. பற்றரியைத் தடைசெய்தால் ஒரு சமூகத்தின் காதை அடைத்துவிடலாம் என்று நினைத்திருக்கவேண்டும். அடைக்க முடியவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். துத்தநாக-கரி பற்றரியில் உள்ளே இருக்கிற பசை காய்ந்துபோவதும் சாவுக்கு ஒரு காரணம். உப்புத் தண்ணீர் அதை மறுபடி நனைத்துவிட, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, ரீவியையும் டெக்கையும் முற்றத்தில் வைத்து, ஒரே இரவில் மூன்று படம், நாலு படம் விடிய விடிய ஓட்டினார்கள். “நல்ல கொப்பி” வந்திருக்கிறது என்றால் அயலே பாயோடு வந்துவிடும்.

இந்தக் கெட்டித்தனத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதைக் கதையாகச் சொல்லிப் பெருமைப்படும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அப்படிப் பாவிக்கப்பட்ட சாதனங்கள் விரைவாகத் தேய்ந்தன. ஏறி இறங்குகிற ஜெனரேற்றர் மின்சாரம் மின்வழங்கிப் பகுதியைத் தின்றது. உதிரிப்பாகம் தடையைத் தாண்டி வராததால், திருத்துகிறவர்கள் ஒரு டெக்கைக் கழற்றி இன்னொன்றுக்கு உயிர் கொடுத்தார்கள். ஒன்று ஓடுவதற்கு இன்னொன்று இல்லாமற்போனது. இன்று ஊரில் ஓடும் டெக் அரிதாக இருப்பதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம்.

பிறகு இடப்பெயர்வுகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரியில் கோவில், பள்ளிக்கூடம், மரநிழல் எல்லாம் வீடுகளாயின. அந்த நடையில் யாரும் டெக்கைத் தூக்கிவரவில்லை; கசெற் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். 1996 ஏப்ரலில் தென்மராட்சி இராணுவத்தின் கைக்குப் போனதும் கசெற்றே ஆபத்தானது. எந்தக் கலியாணவீட்டில் எந்த முகம் கமெராவில் விழுந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? சுற்றிவளைப்புக்குப் பயந்து எரித்தவர்கள் உண்டு. பொலித்தீனில் சுற்றிக் கொல்லைக்குள் புதைத்தவர்களும் உண்டு. அடுத்தது 2000. ஏப்ரல் 22இல் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தது. மே மாதத்தில் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. செப்ரெம்பரில் இராணுவம் மறுபடி சாவகச்சேரிக்குள் நுழைந்தபோது நகரம் நகரமாக இருக்கவில்லை. சனம் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் உறவினர் வீடுகளில் இருந்தது. திரும்பி வந்தவர்கள் கூரையைத் தேடினார்கள். கசெற்றைத் தேட மனம் வந்தவர்கள் பிறகுதான் தேடினார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது வெளியுலகத்தில் வீடியோ யுகம் முடிந்துகொண்டிருந்தது. டிவிடி 1996இலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. சாவகச்சேரிக்கு விசிடி, டிவிடி, வண்ண ரீவி எல்லாம் ஒரே மூச்சில் லொறியேறி வந்தன. ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், தமிழ்ப் படமொன்று இரண்டு தட்டாகவோ மூன்று தட்டாகவோ வரும். இடைவேளைக்குத் தட்டு மாற்ற எழும்புவது அப்போது ஒரு வழக்கமாகியது. பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கவேண்டிய மாற்றம் இங்கே இரண்டு மூன்று வருடத்தில் நடந்து முடிந்தது. அந்த அவசரத்தில் டெக்குகளை இரும்புக்காரருக்குப் போட்டார்கள். கசெற்றுகளைப் போடவில்லை. இன்றைய சிக்கலின் வேர் எனக்கு அங்கேதான் தெரிகிறது: வாசிக்கும் இயந்திரம் முதலில் போயிற்று, வாசிக்கப்படவேண்டியது மிஞ்சியது.

சரி, பழைய டெக் ஒன்று கிடைத்தால் போதுமா? போதாது. டெக்கின் வயிற்றுக்குள் சாய்ந்த உருளை ஒன்று நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. அதன் விளிம்பில் இருக்கிற மிகச் சிறிய காந்தத் தலைகள் அரை அங்குல நாடாவைச் சாய்வாக வருடிப் படத்தை எடுக்கின்றன. ஒரு மயிரிழை அளவு அழுக்குப் படிந்தாலும் திரை முழுக்க மழை. இறப்பர் பட்டிகள் வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் இளகிப் பிசினாகும், கிறீஸ் இறுகும், மின்தேக்கிகள் வற்றும். பாவித்ததால் பழுதாகும் சாமான் ஒரு வகை, பாவிக்காமல் விட்டதால் பழுதாகும் சாமான் இன்னொரு வகை. டெக் இரண்டிலும் சேர்த்தி. புதிதாக வாங்கலாம் என்றால் செய்பவர்களே இல்லை. கடைசியாக வீ.எச்.எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

ஓடுகிற டெக் கிடைத்துப் புதிய ரீவியில் பொருத்தினால் அடுத்த மறியல். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களுக்கு இப்போதைய ரீவிகள் பலவற்றில் துளையே இல்லை. மாற்றிப் பெட்டி ஒன்றை நடுவில் போட்டால், தேய்ந்த நாடாவிலிருந்து வரும் ஆட்டமான சமிக்ஞையைப் புதிய ரீவி ஏற்காது; நீலத்திரையைக் காட்டி நிற்கும். சமிக்ஞை எவ்வளவு ஆடினாலும் பழைய பெட்டி ரீவி கூடவே ஆடிக் காட்டிவிடும். அதனால்தான் பெட்டி ரீவியை எறியாதீர்கள் என்று வயதான திருத்துநர்கள் சொல்கிறார்கள். அது பிடிவாதம் என்று இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருத்துநர்கள் சொல்வதுதான் சரி.

வெளிநாட்டுக் கசெற்றின் பாடு தனி. இலங்கை, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் பால் முறை: 625 வரி, செக்கனுக்கு 25 சட்டகம். கனடா என்.ரி.எஸ்.சி: 525 வரி, 30 சட்டகம். பிரான்சில் செக்காம், வரியும் சட்டகமும் பாலைப் போலத்தான், நிறத்தைப் பதியும் விதம் வேறு. ரொறன்ரோவிலிருந்து வந்த கலியாணக் கசெற்றைப் பால் டெக்கில் போட்டால் படம் உருளும். பாரிஸிலிருந்து வந்தது நிறமிழந்து தெரியும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாடுகளுக்குப் பிரிந்தால் அவர்களுடைய கலியாணங்களும் மூன்று முறைகளுக்குப் பிரிந்தன. தாய் தகப்பன் மீசாலையில் இருந்து மகளின் தாலிகட்டைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள். கனடாவிலிருந்து அனுப்பிய டெக்கை நேரே சுவரில் மாட்டியவர்களுக்கோ அதுவும் இல்லை. 120 வோல்ற்றுக்குச் செய்தது 230 வோல்ற்றில் புகைந்தது.

றேடியோவின் கதை இதற்கு நேர்மாறு. நாலு பாண்ட் றேடியோக்கள் தென்மராட்சி வீடுகளில் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே தீர்மானித்தது பிபிசி தமிழோசை. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியின் சிற்றலை 2018 நடுப்பகுதியில் ஓய்ந்தது. இரண்டும் இணையத்துக்குப் போயின. ஸ்மார்ட் போன் பழகாத எண்பது வயதுக்காரருக்கு அந்த மாற்றம் வெறும் மௌனம்தான். அவருடைய றேடியோ பழுதில்லை, காது பழுதில்லை, ஆனாலும் குரல் வரவில்லை. பெட்டி ரீவிக்கும் இந்த நாள் வரும். இலங்கை டிஜிற்றல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறையை 2014இலேயே தெரிந்தெடுத்தது, நடைமுறைதான் இழுபடுகிறது. அது முடியும் நாளில் அன்ரெனாவை நம்பிய பெட்டி ரீவிக்கு இன்னொரு பெட்டி தேவைப்படும்.

பொருளாதார நெருக்கடியையும் விடமுடியாது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ரீவி மாற்றவிருந்த குடும்பங்கள் பழையதையே திருத்திக்கொண்டன. தொண்ணூறுகளில் டைனமோ சுற்றியவர்கள் அந்த இருட்டில் பதறவில்லை என்று சிலர் பெருமையாக எழுதினார்கள். இருட்டுக்குப் பழகிவிடுவதைப் பெருமை என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

இதற்கிடையில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. கசெற்றைத் தட்டுக்கு மாற்றியாயிற்று, இனிப் பயமில்லை என்று. 2003, 2004இல் கடையில் கொடுத்துத் தட்டாக்கி வந்தவர்களின் தட்டுகளை இப்போது போட்டுப் பாருங்கள். வீட்டில் எரிக்கும் தட்டில் தகவல் ஒரு சாயப்படலத்தில் பதிகிறது. மலிவுத் தட்டுகளில் அந்தச் சாயம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சில வருடங்களிலேயே மங்கும். கசெற் பழுதானாலும் இரைச்சலுக்கு நடுவே முகம் தெரியும். தட்டு பழுதானால் ஒன்றும் தெரியாது. தட்டாக்கியபின் மூலக் கசெற்றை எறிந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மாற்றிய பிறகும் கசெற்றை எறியக்கூடாது என்பதை அந்த அனுபவத்துக்குப் பிறகாவது ஊர் அறியவேண்டும்.

எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. எம்.ஜி.ஆர் படக் கொப்பி, ரஜினி படக் கொப்பி எல்லாம் வேறெங்கும் நல்ல தரத்தில் கிடைக்கும், தாராளமாக விடலாம். டெக்கை அலங்காரமாக வைக்கவும் தேவையில்லை. ஆனால் வீட்டில், கோவிலில், பள்ளிக்கூடத்தில் எடுத்தது உலகத்தில் அந்த ஒன்றுதான். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவில் பங்குனித் திங்கள் பொங்கல், சாவகச்சேரி இந்துக் கல்லூரியினதும் டிறிபேர்க் கல்லூரியினதும் விழாக்கள், நாட்டுக்கூத்து, மேளச்சமா எல்லாம் இந்த வகை. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவருடைய வாசிப்பைக் கேளாத தலைமுறைக்கு இன்று அது எட்டுவது ரசிகர்கள் பதிந்து பேணிய ஒலிநாடாக்களால்தான். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருதும் பெற்றது. பெயர் தெரியாத ஒரு ரசிகர் ஒரு நாடாவைக் காப்பாற்றாவிட்டால் என்ன இழந்திருப்போம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

காந்த நாடாக்களுக்கு நாள் குறித்தாயிற்று என்று உலக ஆவணக் காப்பகங்கள் பல வருடமாக எச்சரிக்கின்றன. அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் 2025ஐக் கெடுவாகச் சொன்னது. நாடா இருந்தாலும் வாசிக்கும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த கையும் இருக்காது என்பது அதன் கணக்கு. 2019இல் ஐ.நா. கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனத்தின் ஆதரவில் உலகளாவிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டமும் தொடங்கியது. அந்தக் கெடு குளிரூட்டிய களஞ்சியங்களை மனதில் வைத்துச் சொன்னது. கச்சாய்க் கடற்காற்றும் மாரி ஈரமும் கறையானும் உள்ள ஊருக்குக் கெடு அதைவிட முந்தியது.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடக்கூடாது. நாடா கிழியும், பூஞ்சணம் அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். மாற்றக் கொடுக்கும்போது பென் டிரைவுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கவிடாமல், கூடிய தரத்தில் கோப்பு கேட்டு வாங்கவேண்டும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம். இவ்வளவும் ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடியது. ஆனால் பல குடும்பங்களால் அது முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஒலி, ஒளி ஆவணங்களுக்கென ஆவணகம் தளத்தையும் நடத்துகிறது. கோவில் விழா, பள்ளி நாடகம் போன்ற பொதுப் பதிவுகள் அங்கே போய்ச் சேரவேண்டும். அதற்கு முன்னால், சாவகச்சேரி நகரசபை தன் நூலகத்தில் ஒரு அறை ஒதுக்கி, எல்லா முறையும் ஓடும் டெக் இரண்டு, ஆட்டத்தைச் சீராக்கும் கருவி ஒன்று, ஒரு கணினி, பழைய திருத்துநர் ஒருவருக்குச் சம்பளம் என்று ஏற்பாடு செய்யலாம். ஒரு வீதி விளக்குத் திட்டத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கும் அலங்கார வளைவுகளுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு போதும். பயன்படும் டெக்குகள் அவர்களுடைய நிலக்கீழ் அறைகளிலேயே கிடக்கும்.

தொடங்கும்போது எண்பதுகளின் கசெற்றிலிருந்து தொடங்கவேண்டும். நாடா பழையது என்பதற்காக மட்டுமில்லை. பந்தலில் நிற்கிற இவர் யார், அந்த வீடு நுணாவிலில் எந்த ஒழுங்கையில் இருந்தது, மேளம் வாசித்தவர் எந்த ஊர் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும். படத்தைக் கோப்பாக மாற்றிய அதே கிழமையில் அவர்களைப் பக்கத்தில் இருத்தி, முகம் முகமாக நிறுத்திக் கேட்டு, பெயரையும் ஊரையும் எழுதிக் கோப்போடு சேர்த்துவிடவேண்டும்.